அண்ணன் இருக்கும்போது வக்கீல் எதற்கு

பிடோக், சிங்கப்பூர்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ரஞ்சிதம் எழுதுவது. நானும் மகள் பெதானியும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். மதினிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன தடவை கொடுத்தனுப்பிய தைலம் இந்நேரம் தீர்ந்திருக்கும்.

போனில் பேசாமல் எழுதுகிறேனே என்று பார்க்காதீர்கள். போனில் என்றால் நீங்கள் "பொறு, பொறு" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் கடைசிவரை வாசித்துத்தான் ஆக வேண்டும்.

உங்கள் மாப்பிள்ளைக்கு வேறொரு பெண்ணோடு பழக்கம். அவர் கம்பெனியிலேயே வேலை செய்கிறவள். நான் ஊகித்துச் சொல்லவில்லை. நேராகக் கேட்டேன். சோற்றைப் பிசைந்தபடியே, "ஆமா, இப்ப என்னங்கிற?" என்றார். அப்புறம் ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். இருபத்தொரு வருஷப் பழக்கம், கை தானாகப் போகிறது.

இப்போது நான் வீட்டை விட்டுப் போக வேண்டுமாம். வீடு எங்கள் இரண்டு பேர் பெயரிலும்தான் இருக்கிறது. ஆனால் கடன் கட்டியது தன் சம்பளம் என்கிறார். என் சம்பளம் சின்னதுதான். பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிற வேலைக்கு அவ்வளவுதான் தருவார்கள். ஆனால் அவருடைய அம்மா படுக்கையில் கிடந்தாளே, அவளைக் குளிப்பாட்டிக் கழுவியது யார்? அந்த வேலைக்கு ஆள் வைத்திருந்தால் தெரிந்திருக்கும் அவருக்கு.

என்னோடு வேலை பார்க்கும் வர்ஷா ஒரு பெண் வக்கீலின் பெயரைத் தந்திருக்கிறாள். இளமதி என்று பெயர், ஃபேரர் பார்க்கில் ஆபீஸ். உங்களைக் கேட்காமல் போய்ப் பார்க்க மனசு வரவில்லை. அப்பா போன பிறகு எனக்கு யோசனை சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை
ரஞ்சிதம்

*

தூத்துக்குடி
28 பிப்ரவரி 2024

அன்புத் தங்கை ரஞ்சிதத்துக்கு,

அண்ணன் மரியஅந்தோணி ஆசி கூறி எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தில் இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். தவக்காலம் தொடங்கிவிட்டதால் தினமும் கோயிலில் சிலுவைப்பாதை, எனக்கு ஓய்வே இல்லை. மதினி தைலம் கேட்கிறாள்.

உன் கடிதத்தை வாசித்து மனம் நொந்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், வக்கீல் வாசலை மட்டும் மிதிக்காதே. நாற்பது வருஷமாகக் கோயில் உபதேசியாராக இருந்து எத்தனையோ குடும்பங்களைச் சேர்த்து வைத்தவன் நான். என் கூடப் பிறந்தவள் விவாகரத்து வாங்கினாள் என்றால் நான் எந்த முகத்தோடு பலிபீடத்துப் பக்கம் போவேன்? பிறந்த வீட்டு ஆண்பிள்ளை உயிரோடு இருக்கும்போது பெண்பிள்ளை வக்கீலைத் தேடினால் அது எனக்குத்தான் அவமானம்.

பாஸ்கா திருநாள் முடிந்ததும் நானே வருகிறேன். மாப்பிள்ளை செல்வராஜிடம் பேசிவிட்டேன். டிக்கெட்டைத் தானே போடுவதாகச் சொன்னார். அவரும் கலங்கித்தான் போயிருக்கிறார், பாவம். மகன் டாரியஸ் தம் கம்பெனியில் நன்றாக வேலை செய்கிறான், சீக்கிரம் சூப்பர்வைசர் ஆக்கிவிடலாம் என்றும் சொன்னார்.

ஜெபமாலையை விடாதே. பெதானிக்கு மாமாவின் முத்தம்.

அண்ணன்
மரியஅந்தோணி

*

ஃபேரர் பார்க்
5 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக ஊர் போய்ச் சேர்ந்ததாக டாரியஸ் சொன்னான். விமானத்தில் காது அடைத்தது சரியாகிவிட்டதா?

மேலே விலாசத்தைப் பார்த்திருப்பீர்கள். நானும் பெதானியும் இங்கே ஒரு மலையாளி அம்மா வீட்டில் ஒரு அறை எடுத்துக்கொண்டோம். அடுப்பைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், மற்றபடி குறை இல்லை. பாலிடெக்னிக்கில் பாடம் முடிந்து வந்தால் பெதானி கட்டில் மேல் உட்கார்ந்து படிக்கிறாள். மேசை போட இடமில்லை.

அன்று நாம் போன உங்கள் மாப்பிள்ளையின் வக்கீல் ஆபீஸில் நடந்ததைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவருடைய வக்கீல், மீசை முளைக்காத பையன் போல இருந்தாரே, அவர் என்னைத்தான் முதலில் கேட்டார்.

"மேடம், உங்க பக்கம் லாயர் யாராச்சும் இருக்காங்களா?"

"என் அண்ணன் இருக்காங்க லா," என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை. நீங்கள் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். காகிதங்கள் முழுக்க ஆங்கிலம். அவர் உங்கள் பக்கம் தள்ளினார். நீங்கள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினீர்கள். மூக்குக் கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது.

"இது கோயிலுக்கு ஒத்த காயிதந்தான். சேர்ந்திருக்காம தனித்தனியா இருக்கதுக்கு. டைவர்ஸ் இல்ல. போடு தாயி," என்றீர்கள். போட்டேன். சாட்சியாக நீங்களும் போட்டீர்கள்.

பெதானி ஒரு கேள்வி கேட்கிறாள். அந்தக் காகிதத்தில் வீட்டைப் பற்றி என்ன எழுதியிருந்தது? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதுங்கள்.

தங்கை
ரஞ்சிதம்

*

தூத்துக்குடி
20 ஜூன் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். நலம் அறிய ஆவல் என்று எழுதுவதைவிட, உனக்காகத் தினமும் மன்றாடுகிறேன் என்று எழுதுவதே பொருத்தம்.

வெயில் தாங்கவில்லை. மாதா திருவிழா வேலை ஆரம்பித்துவிட்டது, இந்த வருஷம் சப்பரத்துக்குப் புது வர்ணம் பூசுகிறோம். டாரியஸுக்கு வேலை அனுமதியை இன்னும் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளை மற்ற விஷயத்தில் எப்படியோ, சொன்ன சொல் தவறாதவர்.

நீ வீட்டைப் பற்றி மனதைப் போட்டு உழப்பாதே. கல்யாணம் உடையவில்லை, அதுதான் பெரிது.

அண்ணன்
மரியஅந்தோணி

*

ஃபேரர் பார்க்
17 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். மதினிக்குத் தைலம் இரண்டு புட்டி தனியாக அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் உடையவில்லை என்று சொன்ன கல்யாணத்தை உடைக்க உங்கள் மாப்பிள்ளை வழக்குப் போட்டுவிட்டார். காகிதம் கையில் வந்து சேர்ந்தது. காரணம் என்ன தெரியுமா? என் நடத்தை பொறுக்க முடியவில்லையாம். கணவனைக் கவனிக்காமல் கோயிலே கதி என்று கிடந்தேனாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் நிறுத்த முடியாமல் அழுகை வந்தது.

இந்தத் தடவை உங்களைக் கேட்கவில்லை. இளமதி வக்கீலிடம் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயசு குறைவு. ஆனால் இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லாததை ஒரு மணி நேரத்தில் சொன்னாள். யார் சம்பளத்தில் கடன் கட்டினது என்று மட்டும் இங்கே பார்ப்பதில்லையாம். சமைத்தது, பிள்ளை வளர்த்தது, மாமியாரைப் பார்த்துக்கொண்டது எல்லாமே வீட்டுக்குச் செய்த பங்குதானாம். நீண்ட கல்யாணத்தில் அதற்குப் பெரிய மதிப்பு உண்டாம். "அப்போ அவர் செஞ்ச துரோகத்துக்கு?" என்று கேட்டேன். "அதுக்காக உங்க பங்கு ஒரு அடிகூட ஏறாதுக்கா. கோர்ட்டு சொத்தைத்தான் பிரிக்கும், பாவத்தை இல்ல," என்றாள். இருக்கட்டும். பாவத்துக்குத்தான் நீங்களெல்லாம் இருக்கிறீர்களே.

அப்புறம் நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகம் மாறியது. வீட்டில் எனக்கு எந்த உரிமையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், அண்ணா. தனியாக வக்கீல் யோசனை கேட்கும் வாய்ப்பு இருந்தது, எல்லாம் விளங்கித்தான் கையெழுத்திடுகிறேன் என்றும் அதில் இருக்கிறது.

"யாரு உங்களுக்கு வெளக்கிச் சொன்னது?" என்றாள்.

"எங்க அண்ணன்."

"அவங்க லாயரா?"

"உபதேசியார்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

ஆனால் வழி இருக்கிறது. அந்தக் காகிதத்தை நீதிமன்றம் அப்படியே ஏற்க வேண்டியதில்லையாம். விளங்காமல், வற்புறுத்தலில் போட்ட கையெழுத்து என்று காட்டினால் அதற்கு மதிப்புக் குறைந்துவிடும். அதைச் சொல்லக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான். காகிதத்தை வாசிக்கவில்லை, வீட்டைப் பற்றி ரஞ்சிதத்திடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, கோயிலுக்கு ஒத்த காகிதம் என்றுதான் சொன்னேன் என்று ஒரு சத்தியக் கடிதம் தர வேண்டும். அங்கேயே நோட்டரியிடம் போட்டு அனுப்பலாம். பொய் ஒன்றும் கேட்கவில்லை. நடந்ததைத்தான் கேட்கிறேன்.

இது கிடைத்தால் எனக்கும் பெதானிக்கும் ஒரு கூரை உண்டு. கிடைக்காவிட்டால் இந்தக் கட்டில்தான்.

தங்கை
ரஞ்சிதம்

*

தூத்துக்குடி
15 டிசம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதமும் தைலமும் கிடைத்தன. இங்கே விடாமல் மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், கோயில் குடிலுக்கு வைத்திருந்த வைக்கோல் முழுக்க நனைந்துவிட்டது. மதினி இந்த வருஷம் முறுக்கு மட்டும்தான் சுட்டாள். எனக்கு இருமல். டாக்டர் குளிர்ந்த தண்ணீர் குடிக்க வேண்டாம் என்கிறார்.

பிறக்கும் பாலன் உன் வீட்டில் சமாதானத்தைக் கொண்டு வரட்டும்.

அண்ணன்
மரியஅந்தோணி

*

ஃபேரர் பார்க்
4 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

இருமலுக்கு வெந்நீர் குடியுங்கள்.

முறுக்கு, மழை, வைக்கோல் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டதை எழுதவில்லை. என் வீட்டில் சமாதானம் வர வேண்டும் என்கிறீர்கள். முதலில் வீடு வேண்டுமே.

இளமதி வாரத்துக்கு ஒரு தடவை கேட்கிறாள். தருவீர்களா, மாட்டீர்களா?

ரஞ்சிதம்

*

தூத்துக்குடி
20 பிப்ரவரி 2025

அன்புத் தங்கைக்கு,

கோபத்தில் எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, சின்னப் பிள்ளையிலிருந்தே உனக்கு மூக்கு நுனியில் கோபம். இருமல் தேவலை.

நீ கேட்டதைப் பற்றி ஜெபத்தில் வைத்து யோசித்தேன். எதன் மேலும் ஆணையிட வேண்டாம் என்பதுதான் ஆண்டவர் நமக்குக் காட்டிய வழி. மற்றவர்களுக்கு அதைப் போதிக்கிறவன் நான். இந்த வயதில் நோட்டரி முன்னால் போய் நின்று சத்தியம் செய்வது எனக்குத் தகுமா? மேலும் அன்று என்ன வாசித்தேன், என்ன சொன்னேன் என்பது அவ்வளவு தெளிவாக ஞாபகமும் இல்லை. வயதாகிறது, ரஞ்சிதம். என்னை இதில் இழுக்காதே.

அண்ணன்
மரியஅந்தோணி

*

ஃபேரர் பார்க்
30 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுக்கும் மதினிக்கும் உடல்நலம் வேண்டி இன்று பூசைக்குப் பணம் கட்டினேன். உங்கள் மேல் கோபமாக இருக்கும்போது கட்டியது, பலிக்குமோ என்னவோ.

பூசை முடிந்து தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனபோது டாரியஸைப் பார்த்தேன். நண்பர்களோடு நின்றவன் என்னைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் போனான். முப்பது வயசுப் பிள்ளை, தூணுக்குப் பின்னால். நானே போய்க் கையைப் பிடித்து ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன்.

"அத்தை, என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. என் வொர்க் பாஸ் மாமா கம்பெனி எடுத்துக் குடுத்தது. அவரு கேன்சல் பண்ணிட்டா நான் சாமானைக் கட்ட வேண்டியதுதான்," என்றான்.

"ஒன்கிட்ட நான் என்ன கேட்டேன்?"

"அப்பாகிட்ட கேட்டிருக்கீங்கள்ல. மாமா அப்பாவுக்கு போன் பண்ணிட்டாரு. போன வருஷம் அவங்க இங்க வர்றதுக்கு முன்னாடியே பேசியாச்சு அத்தை. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் எனக்கு ரினியூவல்னு." சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமலே எழுந்து போனான்.

ஆக, டிக்கெட் வாங்கிக் கொடுத்தது எதற்கு என்று இப்போது புரிகிறது. நான் கோயிலுக்காகக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் எதற்காகப் போடச் சொன்னீர்கள் என்பதும் புரிகிறது. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியிருக்கிறேன்.

ஆனாலும் கேட்கிறேன். டாரியஸ் நான் தூக்கி வளர்த்த பிள்ளை, அவன் வேலை போவதில் எனக்கு ஆசை இல்லை. அவனுக்காகப் பயப்படுகிறேன் என்று நீங்கள் முதலிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் நான் உங்களைத் திட்டியிருக்கமாட்டேன். இப்போதும் எழுதலாம். எழுதிவிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். ஆணையிடக் கூச்சமாக இருந்தால் ஆண்டவர் பெயரைச் சொல்லாமல் உறுதிமொழி கொடுத்தாலே போதும் என்கிறாள் இளமதி. அவன் இன்னொரு கம்பெனியில் வேலை தேடலாம், நானும் நாலு பேரிடம் சொல்கிறேன். எனக்கு இன்னொரு வீடு கிடைக்காது, அண்ணா.

கால் பிடித்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை
ரஞ்சிதம்

*

ஃபேரர் பார்க்
22 ஜூன் 2025

அண்ணனுக்கு,

மார்ச் மாதக் கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் வரவில்லை. வேறு வழியாக வந்துவிட்டது.

போன வாரம் இளமதி கூப்பிட்டாள். எதிர்த் தரப்பு ஒரு சத்தியக் கடிதம் தாக்கல் செய்திருக்கிறது, உட்கார்ந்து வாசியுங்கள் என்றாள். தூத்துக்குடி நோட்டரி முத்திரை. உங்கள் கையெழுத்து. என் தங்கைக்கு ஒவ்வொரு வரியையும் தமிழில் விளக்கிச் சொன்னேன், வீட்டில் பங்கு வேண்டாம் என்று அவள் தெளிந்த மனதோடு கையெழுத்திட்டாள், கடவுள் சாட்சியாக இது உண்மை.

தேதியைப் பார்த்தேன். ஜனவரி மாதம். ஆணையிடக் கூடாது என்று எனக்கு எழுதினீர்களே, அது பிப்ரவரியில். ஆணையிட்டு முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து அதை எழுதியிருக்கிறீர்கள். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். எனக்கு வேலியைப் பற்றித் தெரியும். ஓணான் என் அண்ணன் என்று தெரியாமல் போயிற்று.

இளமதி பாவம், என்னைவிட அவளுக்குத்தான் அதிக கோபம். இதை வைத்துக்கொண்டு வழக்கை இழுத்தால் செலவுதான் மிஞ்சும், சமரசத்தில் கிடைப்பதை வாங்கிக்கொள்வது நல்லது என்றாள். அடுத்த மாதம் போகிறோம். பாதிக்குப் பக்கமாக வர வேண்டியது, எவ்வளவு தேய்ந்து வரும் என்று தெரியாது. வீடு அவருக்குத்தான். பெதானி வளர்ந்த வீடு. அந்தச் சமையலறையில் இனி வேறொருத்தி ரசம் ஊற்றுவாள். ஊற்றட்டும். அவளுக்காவது அண்ணன் இல்லாமல் இருக்கட்டும்.

ரஞ்சிதம்

*

தூத்துக்குடி
12 அக்டோபர் 2025

அன்புத் தங்கை ரஞ்சிதத்துக்கு,

நீயும் பெதானியும் சுகமா என்று கேட்கும் தகுதி எனக்கு உண்டா தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

டாரியஸ் வந்துவிட்டான். செல்வராஜ் அவனை நிறுத்திவிட்டார். கம்பெனியில் வேலை குறைந்துவிட்டதாம். போன் செய்தால் எடுக்கவில்லை. இருபது தடவை அடித்திருப்பேன். அந்தப் பெண்தான் ஒருமுறை எடுத்து, அவர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றாள். எவ்வளவு நன்றிகெட்ட மனிதர் பார்.

ரஞ்சிதம், என் மனச்சாட்சி என்னைத் தூங்கவிடவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். செய்த தவறைச் சரிசெய் என்று சாமியார் சொல்லிவிட்டார். இப்போது நான் தயார். அன்று நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கண்ணாடி போடவில்லை, ஒரு எழுத்தும் வாசிக்கவில்லை என்பதையும் சொல்கிறேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், அங்கே வந்து நின்று சொல்லவும் தயார். உன் வக்கீலிடம் உடனே பேசு. அந்த மனிதருக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டும்.

அண்ணன்
மரியஅந்தோணி

*

ஃபேரர் பார்க்
9 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். பெதானிக்குப் பரீட்சை முடிந்தது.

டாரியஸ் ஊருக்குக் கிளம்பும் முன் என்னைப் பார்க்க வந்தான். வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்துச் சோறு போட்டேன். தலை நிமிராமல் சாப்பிட்டான். அவன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை, அவனிடமும் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை இளமதிக்கு வாசித்துக் காட்டினேன். ஜூலையிலேயே நாங்கள் ஒப்புக்கொண்டு தீர்ப்பாகிவிட்டது. அதை மறுபடி திறப்பது கஷ்டம் என்றாள். கஷ்டம்தான், முடியவே முடியாது என்றில்லை. பொய்ச் சாட்சி வந்ததால்தான் ஒப்புக்கொண்டோம் என்று மனுப் போட்டுப் பார்க்கலாமாம். பணம் வாங்காமலே வாதாடித் தருகிறேன் என்றும் சொன்னாள். நல்ல பெண்.

எப்படி நடக்கும் என்று விவரமாகக் கேட்டேன். உங்களைக் கூண்டில் ஏற்றுவார்கள். அவருடைய வக்கீல், அதே மீசை முளைக்காத பையன், உங்களைக் கேட்பான், முதலில் ஏன் பொய் சொன்னீர்கள் என்று. நீங்கள் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் மகன் வேலைக்காக என்பீர்கள். இப்போது ஏன் மாற்றிச் சொல்கிறீர்கள் என்பான். மகன் வேலை போய்விட்டது என்பீர்கள். வேறு என்ன சொல்வீர்கள்? உங்கள் கடிதத்திலும் அதுதானே முதலில் இருக்கிறது. எனக்குச் செய்த தவறு அதற்குப் பிறகுதான் வருகிறது.

அதைச் சொல்வது உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பழகிவிட்டீர்கள். ஆனால் நானும் அந்த அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அண்ணா. மகனா தங்கையா என்று வந்தபோது தங்கையை விட்டுவிட்டேன் என்று நீங்கள் தமிழில் சொல்வீர்கள். ஒருவர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார். ஒருவர் எழுதிக்கொள்வார். எனக்கு அது இரண்டு பாஷையிலும் புரியும்.

பாதி வீடு கிடைக்கும் என்றாலும் அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. இளமதியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் எதிலும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டாம்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ரஞ்சிதம்